பாட்டன் பெயரைத் தேடுகிறார்கள்!
ஏழையின் பெயரைக் காத்த ஏடுகளும், தொலைத்த வரியும்

ஸ்காட்லாந்து சின்ன நாடு. பிரிட்டனின் வடக்குப் பகுதியில் இருக்கிறது. 2022-ம் ஆண்டு எடுத்த கணக்குப்படி அங்கே வாழ்கிறவர்கள் சுமார் 54 லட்சம் பேர்தான்.

ஆனால், "எங்கள் பாட்டன் ஸ்காட்லாந்துக்காரர்" என்று சொல்லுகிறவர்கள் அதைவிட அதிகம்! அவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். கனடாவில் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருக்கிறார்கள்.

அவர்களுடைய முன்னோர்கள் சந்தோஷமாகக் கப்பல் ஏறியவர்கள் அல்ல. மலை நாட்டில் ஆடு வளர்த்தால் லாபம் அதிகம் என்று ஜமீன்தார்கள் குடியானவர்களைக் கிளப்பி விட்டார்கள். 1846-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. பட்டினி வந்தது. நெசவாளியின் கைத்தறியை மில் விழுங்கியது. பிழைக்க வழி இல்லாமல் போனவர்களே அதிகம்.

போனவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது திரும்பி வருகிறார்கள். சொத்துக் கேட்டு அல்ல. ஒரு பெயரைக் கேட்டு!

"எங்கள் பாட்டனின் தாய் யார்? எந்த ஊரில் பிறந்தாள்? அவள் பெயர் என்ன?"

இந்தக் கேள்விக்கு ஸ்காட்லாந்தில் பதில் கிடைக்கிறது. ராஜாவின் பேரனுக்கு மட்டும் அல்ல. மாட்டுத் தொழுவத்தில் வேலை செய்த பெண்ணின் பேரனுக்கும் கிடைக்கிறது. அதுதான் விசேஷம்.

"செத்துப் போனவர்களைத் தேடி என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். பயன் உண்டு. அதைச் சொல்லும் முன், தேடுவது எப்படி என்று பார்க்க வேண்டும்.

மூன்று வகை ஏடுகள்

ஸ்காட்லாந்தில் முன்னோரைக் காட்டும் ஏடுகள் முக்கியமாக மூன்று.

முதலாவது, சர்ச் ஏடு. இரண்டாவது, சர்க்கார் வைத்த பிறப்பு, கல்யாண, இறப்புப் பதிவேடு. மூன்றாவது, ஜனத்தொகைக் கணக்கு.

தேடுகிறவர் இன்றிலிருந்து தொடங்க வேண்டும். பிறகு ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். தன் பிறப்பு, தகப்பன் கல்யாணம், தகப்பனின் பிறப்பு, பாட்டனின் கல்யாணம் என்று இறங்க வேண்டும். கிணற்றில் இறங்குகிறவன் மேல் படியிலிருந்துதானே இறங்குவான்?

பலர் இப்படிச் செய்வது இல்லை. 300 ஆண்டுக்கு முன்னால் இருந்த ஒரு தளபதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். "இவர் நம் குடும்பப் பெயர் உடையவர். ஆகவே நம் பாட்டன்" என்று முடிவு கட்டுகிறார்கள். அது தேடல் அல்ல; ஆசை.

1855: கதவு திறந்த ஆண்டு

ஸ்காட்லாந்தில் பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றையும் சர்க்காரிடம் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் 1854-ல் வந்தது. 1855 ஜனவரி 1-ந் தேதி பதிவு தொடங்கியது. இங்கிலாந்தில் 1837-லேயே தொடங்கிவிட்டது. ஸ்காட்லாந்து 18 ஆண்டு பிந்தியது.

பிந்தினாலும் நன்றாகச் செய்தது!

ஸ்காட்லாந்தில் ஒருவர் இறந்தால், அவருடைய தகப்பன் பெயரை எழுதுவார்கள். தாயின் பெயரையும் எழுதுவார்கள். அந்தத் தாய் கல்யாணத்துக்கு முன் எந்தக் குடும்பப் பெயரோடு இருந்தாளோ அதையும் எழுதுவார்கள். கல்யாணப் பதிவிலும் இப்படியே. மாப்பிள்ளையின் தாய், பெண்ணின் தாய் இருவர் பெயரும் இருக்கும்.

இங்கிலாந்தின் கல்யாணப் பதிவில் தகப்பன் பெயர் மட்டும்தான் இருந்தது. தாயின் பெயரையும் சேர்க்கும் ஏற்பாடு 2021-ல்தான் வந்தது. ஸ்காட்லாந்து 1855-லேயே செய்த காரியம் இது!

இதில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. பெற்றவள் தாய். அவள் பெயர் இல்லாமல் வம்சம் ஏது?

ஸ்காட்லாந்தில் கல்யாணம் ஆன பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் மறைந்து போகாது. பதிவேட்டில் இரண்டு பெயரையும் எழுதுவார்கள். கல்லறைக் கல்லிலும் பிறந்த வீட்டுப் பெயரை வெட்டுவது உண்டு. தேடுகிறவருக்கு இது பெரிய உதவி. ஒரே ஊரில் ஜான் மக்டொனால்டு என்ற பெயரில் பத்துப் பேர் இருக்கலாம். ஆனால் பத்துப் பேருடைய தாய்மாரும் ஒரே பெயரில் இருக்க மாட்டார்கள். ஆளை அடையாளம் காட்டுவது தாயின் பெயர்தான்.

முதல் ஆண்டான 1855-ல் ரொம்ப விவரம் கேட்டார்கள். குழந்தை பிறந்தால், பெற்றோரின் வயது என்ன, எங்கே பிறந்தார்கள், எப்போது, எங்கே கல்யாணம், இதற்கு முன் எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் எழுதினார்கள். ஒருவர் இறந்தால் அவருடைய பிள்ளைகளின் பெயர், வயது வரை எழுதினார்கள்.

1855-ல் 80 வயதுக் கிழவி ஒருத்தி இறந்திருந்தால் என்ன ஆகும்? அவள் பிறந்தது 1775 வாக்கில். அவளைப் பெற்றவர்களின் பெயர் அந்தப் பதிவில் இருக்கும். ஒரே ஒரு தாளில் 100 ஆண்டுக் கதை கிடைத்துவிடும்!

இவ்வளவு எழுத முடியவில்லை என்று பதிவாளர்கள் திண்டாடினார்கள். 1856-ல் பல கேள்விகளை எடுத்துவிட்டார்கள். பெற்றோரின் கல்யாணத் தேதியும் ஊரும் மட்டும் 1861-ல் பிறப்புப் பதிவில் திரும்பி வந்தன. ஆகவே, "எங்கள் வீட்டில் 1855-ல் ஒரு பிள்ளை பிறந்தது" என்று கண்டுபிடிக்கிறவர் அதிர்ஷ்டசாலி.

ஒரு எச்சரிக்கை. இறந்தவர் வந்து விவரம் சொல்ல முடியாது. மகன் சொல்லுவான். மருமகன் சொல்லுவான். சில சமயம் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுவார். மருமகனுக்கு மாமியாரின் தாய் பெயர் சரியாகத் தெரியுமா? ஆகவே, யார் சொல்லி எழுதியது என்பதையும் பார்க்க வேண்டும். அதுவும் பதிவில் இருக்கிறது.

கணக்கு எடுத்தவர் வந்தார்

பிரிட்டனில் 1801-லிருந்து பத்து ஆண்டுக்கு ஒரு முறை ஜனத்தொகைக் கணக்கு எடுக்கிறார்கள். முதலில் தலைகளை எண்ணினார்கள். எல்லோருடைய பெயரையும் எழுதியது 1841-லிருந்துதான்.

1841 கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்து ஐந்தாகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். இது தெரியாதவர்கள், "நம் பாட்டன் இவர் அல்ல. வயது ஒத்து வரவில்லை" என்று சரியான ஆளையே தள்ளிவிடுகிறார்கள்.

1851 முதல் நல்ல விவரம் கிடைக்கிறது. குடும்பத் தலைவருக்கு இவர் என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தார், என்ன தொழில் என்று எழுதினார்கள். 1861 முதல் வீட்டில் ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை என்றும் கேட்டார்கள். "ஒரு அறை, எட்டுப் பேர்" என்று வருகிற வரியைப் படித்தால், அந்தக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று வேறு யாரும் சொல்ல வேண்டியது இல்லை.

1881 முதல் கெயிலிக் மொழி பேசுகிறவரா என்றும் கேட்டார்கள். கெயிலிக், மலை நாட்டாரின் தாய்மொழி. ஒரே வீட்டில் பாட்டிக்குக் கெயிலிக் மட்டும், தாய்க்கு இரண்டு மொழியும், பேரனுக்கு ஆங்கிலம் மட்டும் என்று இருந்தால், ஒரு மொழி எப்படித் தேய்ந்தது என்பது அந்த வீட்டுக் கணக்கிலேயே தெரியும்.

1911-ல் கல்யாணம் ஆன பெண்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "பிறந்த பிள்ளைகள் எத்தனை? உயிரோடு இருப்பவர்கள் எத்தனை?" பிறந்தது பத்து, இருப்பது ஆறு என்று ஒரு வரி இருந்தால், நான்கு சின்னக் கல்லறைகள் அந்த வரிக்குள் இருக்கின்றன.

வயது விஷயத்தில் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. பத்து ஆண்டில் ஏழு வயது மட்டும் கூடிய பெண்கள் உண்டு! கிழவர்களோ சில சமயம் வயதைக் கூட்டிச் சொல்லுவார்கள். கணக்கு எடுத்தவர் பல ஊர்களில் பள்ளிக்கூட வாத்தியார். காதில் விழுந்தபடி எழுதினார். "மக்" என்ற எழுத்தையே இரண்டு மூன்று விதமாக எழுதியிருப்பார். கெயிலிக் மொழியில் "மக்" என்றால் மகன் என்று பொருள். எந்த எழுத்தில் எழுதினாலும் மகன் மகன்தான். எழுத்து மாறினால் ஆள் மாறவில்லை என்பதைத் தேடுகிறவர் மனதில் வைக்க வேண்டும்.

கணக்கு விவரங்களை 100 ஆண்டு வரை வெளியே காட்ட மாட்டார்கள். உயிரோடு இருப்பவர்களின் ரகசியம் காக்கவே இந்த ஏற்பாடு. ஸ்காட்லாந்தின் 1921 கணக்கு 2022-ல் திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் 1931 கணக்கு 1942-ல் தீயில் எரிந்து போயிற்று. ஸ்காட்லாந்தின் 1931 கணக்கு பத்திரமாக இருக்கிறது.

சர்ச் ஏடுகள்

1855-க்கு முன்னால் போக வேண்டுமானால் சர்ச் ஏடுகளைத்தான் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு சர்ச்சுக்கும் ஒரு வட்டாரம் உண்டு. அதற்குப் பங்கு என்று பெயர். ஸ்காட்லாந்தில் சுமார் 900 பங்குகள் இருந்தன. பாதிரியாரோ, சபைக் கணக்கரோ ஏட்டை எழுதினார். இருக்கிற ஏடுகளில் மிகப் பழையது பெர்த்ஷயர் பகுதியில் உள்ள எரல் என்ற ஊரின் ஏடு. அது 1553-ல் தொடங்குகிறது. மலை நாட்டிலும் தீவுகளிலும் சில ஊர் ஏடுகள் 1800-ஐ ஒட்டித்தான் தொடங்குகின்றன.

குழந்தை பிறந்தால் ஞானஸ்நானம் எழுதுவார்கள். கல்யாணம் என்றால், பெரும்பாலும் ஓலை வாசித்ததைத்தான் எழுதினார்கள். "இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம். ஆட்சேபம் உண்டா?" என்று சர்ச்சில் அறிவிப்பதுதான் ஓலை. மாப்பிள்ளை ஒரு பங்கு, பெண் ஒரு பங்கு என்றால் இரண்டு இடத்திலும் ஓலை வாசிக்க வேண்டும். ஆகவே ஒரே கல்யாணம் இரண்டு ஏட்டில், இரண்டு தேதியில் இருக்கலாம். அதைப் பார்த்து, "பாட்டன் இரண்டு கல்யாணம் செய்துகொண்டார்" என்று பயப்பட வேண்டாம்!

சாவுப் பதிவுதான் மிகக் குறைவு. சில ஊர்களில் பிணத்தின் மேல் போர்த்தும் கறுப்புத் துணிக்கு வாடகை வாங்கியதை மட்டும் எழுதினார்கள். துணி வாடகைக்கு எடுக்க முடியாத ஏழை செத்ததற்கு அடையாளமே இல்லை.

பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதில் ஒரு வழக்கம் இருந்தது. மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்ற பாட்டன் பெயர். இரண்டாவது மகனுக்குத் தாயைப் பெற்ற பாட்டன் பெயர். மூத்த மகளுக்குத் தாயைப் பெற்ற பாட்டியின் பெயர். இரண்டாவது மகளுக்குத் தகப்பனைப் பெற்ற பாட்டியின் பெயர். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிது அல்ல. பெயரன் என்பதுதானே பேரன் ஆயிற்று!

ஆகவே பிள்ளைகளின் பெயரை வரிசையாக எழுதிப் பார்த்தால், பாட்டன் பாட்டி பெயரை ஊகிக்கலாம். ஊகம்தான், சாட்சி அல்ல. எல்லாக் குடும்பமும் வழக்கப்படி நடக்கவில்லை.

மூன்று பென்னி செய்த அநியாயம்

சர்ச் ஏட்டில் எல்லோர் பெயரும் இருக்குமா? இருக்காது. பதிவது கட்டாயம் இல்லை. அதற்குக் கட்டணமும் கேட்டார்கள்.

1783-ல் பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு வரி போட்டது. ஞானஸ்நானம் எழுத மூன்று பென்னி. கல்யாணம் எழுத மூன்று பென்னி. அடக்கம் எழுத மூன்று பென்னி. அமெரிக்காவில் நடந்த யுத்தத்தால் சர்க்காருக்குக் கடன் ஏறி இருந்தது. கடனை அடைக்கத் தொட்டிலுக்கும் பாடைக்கும் வரி!

மூன்று பென்னி பெரிய தொகையா? பணக்காரனுக்கு இல்லை. கூலிக்காரனுக்கு அது சாப்பாட்டுக் காசு. பலர் பதிவு செய்யாமலே இருந்துவிட்டார்கள். 1794-ல் வரியை எடுத்தார்கள். அந்த 11 ஆண்டில் பல ஊர் ஏடுகள் மெலிந்து போயின.

1843-ல் இன்னொரு இடி விழுந்தது. ஸ்காட்லாந்து சர்ச் இரண்டாகப் பிளந்தது. பாதிரியார்களில் மூன்றில் ஒரு பங்குபேர் வெளியேறி, சுதந்திர சர்ச் என்று தனியாக வைத்தார்கள். அவர்களோடு போன ஜனங்களின் பெயர் பழைய ஏட்டில் இல்லை.

1854 சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பது இதிலிருந்து விளங்கும். ஒரு மனிதன் எந்தச் சர்ச்சுக்குப் போனாலும், போகாவிட்டாலும், கையில் காசு இருந்தாலும், இல்லாவிட்டாலும், அவன் பிறந்தது உண்மை. அந்த உண்மையை எழுதி வைப்பது சர்க்காரின் கடமை. பிறந்ததை எழுத வரி கேட்கும் சர்க்கார், ஏழையின் பேரனிடமிருந்து பாட்டனைத் திருடுகிறது.

கவிஞரின் கல்யாணம்

கல்யாணப் பதிவைத் தேடிக் கிடைக்காமல் பலர் திகைக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் பழைய சட்டப்படி, "நான் உன்னை மனைவியாக ஏற்கிறேன்", "நான் உன்னைக் கணவனாக ஏற்கிறேன்" என்று இருவரும் சம்மதித்தாலே கல்யாணம் செல்லும். பாதிரியார் வேண்டியது இல்லை. சர்ச்சுக்கு இது பிடிக்காது. ஆனால் சட்டம் ஒப்புக்கொண்டது.

இதனால்தான் இங்கிலாந்துக் காதலர்கள் எல்லையைத் தாண்டி கிரெட்னா கிரீன் என்ற ஊருக்கு ஓடி வந்தார்கள். அங்கே கொல்லன் பட்டறையில் கல்யாணம் நடந்தது! 1856-ல் ஒரு சட்டம் வந்தது. இருவரில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கி இருக்க வேண்டும் என்றது. வெறும் வாய்ச் சம்மதக் கல்யாணம் 1940-ல் அடியோடு நின்றது.

ஸ்காட்லாந்தின் புகழ் பெற்ற கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ். 1759 ஜனவரி 25-ந் தேதி பிறந்தார். தகப்பன் வில்லியம் ஏழைக் குடியானவர். தாய் ஆக்னஸ் பிரவுன். தகப்பன் தன் குடும்பப் பெயரை "பர்னஸ்" என்று எழுதுவார். மகன் அதை "பர்ன்ஸ்" என்று சுருக்கினார். ஒரே வீட்டில், ஒரே தலைமுறையில் பெயர் மாறிவிட்டது!

பர்ன்ஸ், ஜீன் ஆர்மர் என்ற பெண்ணைக் காதலித்தார். அவளை மனைவியாக ஏற்று ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார். பெண்ணின் தகப்பன் ஒப்பவில்லை. அந்தக் காகிதத்தைச் செல்லாமல் செய்தார். 1786 செப்டம்பரில் ஜீனுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. பர்ன்ஸ் சர்ச்சில் எல்லோர் முன்னாலும் நின்று கண்டனம் கேட்க வேண்டியதாயிற்று. கடைசியில் 1788 ஆகஸ்டில், மாக்லின் என்ற ஊரின் மூப்பர் சபை இருவரையும் கணவன் மனைவியாக ஏற்றது.

இந்தக் கதைகளைக் கூறுவது மூப்பர் சபைக் குறிப்புகள். அந்தக் காலத்தில் ஊரின் ஒழுக்கத்தை விசாரித்தவர்கள் மூப்பர்கள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் குழந்தை பிறந்தால் கூப்பிட்டு விசாரிப்பார்கள். "தகப்பன் யார்?" என்று கேட்பார்கள். சொன்ன பெயரை எழுதுவார்கள். ஞானஸ்நான ஏட்டில் இல்லாத தகப்பன், இந்த ஏட்டில் அகப்படுவது உண்டு.

அந்த விசாரணை கொடுமையானது. பெண்ணைத்தான் அதிகம் அவமானப்படுத்தியது. ஆனால், அவமானப்படுத்த எழுதிய ஏடே 200 ஆண்டுக்குப் பிறகு அவளுடைய பேரப்பிள்ளைகளுக்கு விளக்காக இருக்கிறது.

பிரதமர் ஆன பிள்ளை

பதிவேடு விளக்காக மட்டும் இருப்பது இல்லை. கத்தியாகவும் ஆகும்.

ராம்சே மக்டொனால்டு என்ற பெயர் பெரியவர்களுக்கு நினைவு இருக்கும். லண்டனில் வட்டமேஜை மாநாடு நடந்தபோது பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர்.

அவர் 1866-ல் ஸ்காட்லாந்தில் லாசிமவுத் என்ற மீனவர் ஊரில் பிறந்தார். தாய் ஆன் ராம்சே, வேலைக்காரப் பெண். தகப்பன் ஜான் மக்டொனால்டு, ஏர் உழுகிறவர். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பிறப்புப் பதிவில் பிள்ளையின் குடும்பப் பெயர் ராம்சே என்று இருந்தது.

1914-ல் முதல் உலக யுத்தம் வந்தது. மக்டொனால்டு யுத்தத்தை எதிர்த்தார். "ஜான் புல்" என்ற பத்திரிகையை நடத்திய ஹொரேஷியோ பாட்டம்லிக்குக் கோபம். 1915-ல் அவர் மக்டொனால்டின் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்து, பத்திரிகையில் அப்படியே அச்சிட்டார். "இவன் தகப்பன் பெயர் தெரியாத பிள்ளை. பொய்ப் பெயரில் திரிகிறான்" என்று ஊருக்கு எல்லாம் காட்டினார்.

தம் பிறப்பு ராம்சே என்று பதிவானது, மக்டொனால்டுக்கே அது வரை தெரியாது. அவர் மனம் நொந்து போனார்.

பிறகு நடந்தது என்ன? பாட்டம்லி 1922-ல் மோசடிக் குற்றத்துக்காக ஜெயிலுக்குப் போனார். மக்டொனால்டு 1924-ல் பிரிட்டனின் பிரதமர் ஆனார். தொழிற்கட்சியின் முதல் பிரதமர் அவர்தான்.

யார் பிறப்பு இழிவு? பிள்ளை செய்த குற்றம் என்ன? அந்தப் பதிவில் வெட்கப்பட வேண்டிய வரி ஒன்றும் இல்லை. அதை அச்சிட்டவன்தான் வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

முன்னோரைத் தேடுகிற குடும்பங்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். தேடினால் கல்யாணம் ஆகாத தாய் கிடைப்பாள். அனாதை விடுதியில் செத்த பாட்டன் கிடைப்பார். கைநாட்டு வைத்த பாட்டி கிடைப்பாள். "ஐயோ, இதைத் தேடாமல் இருந்திருக்கலாமே!" என்று சிலர் ஏட்டை மூடிவிடுகிறார்கள்.

மூடக் கூடாது. அந்தத் தாய் பிள்ளையைத் தூக்கி எறிந்திருந்தால் இன்று தேடுவதற்கு ஆளே இருந்திருக்காது. அவள் பெற்றாள், வளர்த்தாள். அவள் பெயரை மறைப்பதுதான் இழிவு.

தத்துப் பிள்ளைகள் விஷயத்திலும் ஸ்காட்லாந்து நல்ல வழி காட்டியது. 1930-ல் அங்கே தத்துச் சட்டம் வந்தது. தத்துப் போன பிள்ளை வயது வந்ததும், தன்னைப் பெற்றவள் யார் என்று மூலப் பதிவைப் பார்க்கலாம் என்றது அந்தச் சட்டம். இங்கிலாந்தில் அந்த உரிமை 1975 சட்டத்தில்தான் வந்தது. "நான் யாருக்குப் பிறந்தேன்?" என்று கேட்பது ஒவ்வொரு மனிதனின் உரிமை.

சென்னையில் விட்ட வரி

ஸ்காட்லாந்துக் குடும்பங்களில் சில பிள்ளைகள் திடீர் என்று ஊர் ஏட்டிலிருந்து மறைந்துவிடுவார்கள். அவர்களில் சிலர் சென்னையில் அகப்படுவார்கள்!

சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ கிளாஸ்கோ நகரில் 1761-ல் பிறந்தவர். சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரை மேல் சிலையாக இருக்கிறார். அவரைப் போலச் சிலை கிடைக்காத சிப்பாய்களும், குமாஸ்தாக்களும், வியாபாரிகளும் ஏராளம். அவர்களுக்காக எழும்பூரில் கட்டிய புனித ஆண்ட்ரூ சர்ச் 1821-ல் திறக்கப்பட்டது.

சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றின் நகல் லண்டனுக்குப் போயிற்று. அந்த ஏடுகள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

அவற்றில் ஒரு குறை உண்டு. வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த குழந்தையின் ஞானஸ்நானத்தில், தகப்பன் பெயர் முழுதாக இருக்கும். தாயின் இடத்தில் பெயரே இல்லாமல், "சுதேசிப் பெண்" என்று மட்டும் எழுதிய பதிவுகள் உண்டு. அந்தத் தாயின் பெயர் என்ன, ஊர் எது என்று இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது.

தாயின் பெயரை விடாமல் எழுதிய நாட்டிலிருந்து வந்தவர்கள்தான் அவர்கள். இங்கே மட்டும் பேனா ஏன் தயங்கியது? அதிகாரம் உள்ளவன் கையில் ஏடு இருந்தால், அவன் வேண்டும் என்றவர்கள் பெயர் மட்டும்தான் இருக்கும். ஏடு பொய் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் முழு உண்மையும் சொல்லிவிடாது.

விலைக்கு விற்கும் பெருமை

முன்னோர் ஆசையை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்களும் உண்டு. "இதோ உங்கள் குடும்ப முத்திரை" என்று சிங்கமும் வாளும் வரைந்த பலகையை விற்கிறார்கள். ஸ்காட்லாந்துச் சட்டப்படி குடும்பப் பெயருக்கு என்று முத்திரை கிடையாது. முத்திரை ஒரு தனி மனிதனுக்கு உரியது. அதைக் கவனிக்கத் தனிக் கோர்ட்டே எடின்பரோவில் இருக்கிறது. ஒருவர் முத்திரையை இன்னொருவர் உபயோகித்தால் அங்கே குற்றம்!

"உங்கள் குலத்தின் கட்டம் போட்ட துணி" என்பதும் அநேகமாக இப்படித்தான். குலத்துக்கு ஒரு துணி என்ற ஏற்பாடு பெரும்பாலும் 1800-க்குப் பிறகு வந்தது. தலைவரின் குடும்பப் பெயரை அவரை அண்டிப் பிழைத்தவர்களும் வைத்துக்கொண்டார்கள். ஆகவே பெயர் ஒன்றாக இருப்பதால் ரத்தம் ஒன்று ஆகிவிடாது.

இப்போது எச்சிலைச் சோதித்து உறவு கண்டுபிடிக்கும் டி.என்.ஏ. சோதனையும் வந்திருக்கிறது. அது, "இவர் உங்களுக்குத் தூரத்து உறவு" என்று சொல்லும். பாட்டியின் பெயர் ஆக்னஸ் என்றோ, அவள் எந்தத் தெருவில் இருந்தாள் என்றோ சொல்லாது. அதற்கு ஏடுதான் வேண்டும்.

எல்லோருக்கும் திறக்க வேண்டும்

இந்த ஏடுகள் எடின்பரோ நகரில், ஸ்காட்லாந்து தேசியப் பதிவகத்தில் இருக்கின்றன. இப்போது இணையத்தின் மூலம் வீட்டில் இருந்தபடியே தேடலாம். பெயரைத் தேடுவதற்குப் பணம் இல்லை. பல ஏடுகளின் பக்கத்தைப் பார்க்கப் பணம் கட்ட வேண்டும். மூப்பர் சபைக் குறிப்புகளை 2021 முதல் இலவசமாகப் பார்க்க விட்டிருக்கிறார்கள்.

அந்த நல்ல காரியம் மற்ற ஏடுகளுக்கும் வர வேண்டும். ஏட்டைக் காப்பாற்றப் பணம் தேவைதான். ஆனால் அந்த ஏட்டில் இருப்பது யாருடைய பெயர்? ஏழை ஜனங்களின் பெயர். அன்று எழுதக் காசு கேட்டார்கள். இன்று படிக்கக் காசு கேட்பது, பழைய மூன்று பென்னியின் நிழல்தான். வசதி உள்ளவரிடம் வாங்கட்டும். வசதி இல்லாதவருக்குப் பொது நூலகங்களில் இலவசமாகக் காட்டட்டும்.

தேடுகிறவர்களுக்கும் கடமை உண்டு. வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். ஏடு 100 ஆண்டு காத்திருக்கும். பாட்டி காத்திருக்க மாட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு சாட்சியாவது வேண்டும். தாயின் பெயர் ஒத்து வராவிட்டால், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். தனக்குப் பிடித்த பாட்டனைத் தேடக் கூடாது. இருந்த பாட்டனைத் தேட வேண்டும்.

செத்தவர்களைத் தேடி என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். அனாமதேயமாக வாழ்ந்து செத்த கோடிப் பேரில் ஒருவரையாவது பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. ஒரு அறையில் எட்டுப் பேராக வாழ்ந்தவள், பத்துப் பெற்று நான்கைப் புதைத்தவள், கையெழுத்துப் போடத் தெரியாமல் குறி போட்டவள். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதை எழுதி வைத்த குமாஸ்தா நல்ல காரியம் செய்தான். தேடிப் படிக்கிற பேரனும் நல்ல காரியம் செய்கிறான்.

பெரிய மனிதரின் பேரன் என்பது பெருமை அல்ல. தன் பாட்டி பெயரைச் சொல்ல வெட்கப்படாதவன் என்பதுதான் பெருமை!